மேயர் இல்லாத மாநகரத்தின் அபிப்பிராயங்கள்

2025 நவம்பர் 4ஆந் திகதி நியூயோர்க் மாநகரத்து மக்கள், ஆபிரிக்காவின் கம்பாலா நகரில் பிறந்த ஸொஹ்ரான் மம்தானி என்ற முப்பத்து நான்கு வயது முஸ்லிம் இளைஞரைத் தமது மேயராகத் தெரிவுசெய்துவிட்டார்கள் என்ற செய்தி கல்முனைக்கு வந்துசேர்ந்தபோது, எமது கடைத்தெருவின் தேநீர்க்கடைகளிலும், இஷாத் தொழுகை முடிந்த பின்னர் கலைந்துபோக மனமின்றி மனிதர்கள் நின்று கதைக்கும் பள்ளிவாசல் வாயில்களிலும் எழுந்த உற்சாகத்தைக் கண்ட ஓர் அந்நியர், அந்த மாநகரத்துக்கும் இந்த மாநகரத்துக்கும் இடையில் ஏதோ பழைய சம்பந்தம் இருக்கிறதென்றே எண்ணியிருப்பார். அங்கே பஸ் பயணம் இலவசமாகுமா, வீட்டு வாடகையை உயராமல் நிறுத்திவைக்க ஒரு மேயருக்கு அதிகாரம் உண்டா, டொனால்ட் ட்ரம்ப் அந்தப் பிள்ளையை நிம்மதியாக ஆளவிடுவாரா என்றெல்லாம் சட்ட நுணுக்கத்தோடு விவாதிக்கப்பட்டது. நான் அமர்ந்திருந்த கடையில் அவ்விவாதம் உச்சத்தை அடைந்த தருணத்தில், மூலையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த மீன் வியாபாரி ஒருவர், "அதெல்லாம் சரி காக்கா, நம்மட ஊருக்கு மேயர் ஆரு?" என்று கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. சொல்லுவதற்குப் பதில் இல்லை.

கல்முனை மாநகரத்துக்கு மேயர் இல்லை. 2018ஆம் ஆண்டு தெரிவான சபையின் ஆயுட்காலம், நாட்டின் ஏனைய உள்ளூராட்சி மன்றங்களின் ஆயுட்காலத்தோடு சேர்ந்து, 2023 மார்ச் 19ஆந் திகதி முடிவடைந்தது. அதற்குப் பத்து நாட்கள் முந்தி நடந்திருக்க வேண்டிய தேர்தலைத் திறைசேரியில் பணமில்லை என்று சொல்லி அன்றைய அரசாங்கம் நடத்தாமல் விட்டதும், அவ்வாறு விட்டது பிரஜைகளின் அடிப்படை உரிமையை மீறிய காரியமே என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்ததும் வாசகர்கள் அறிந்த விஷயங்கள். ஒருவாறாக 2025 மே 6ஆந் திகதி நாடு வாக்களித்தது. இலங்கையிலுள்ள 341 மன்றங்களில் 339க்கு அன்று தேர்தல் நடந்தது. விடுபட்ட இரண்டில் ஒன்றாகிய எல்பிட்டிய, முந்திய ஒக்டோபரிலேயே வாக்களித்து முடித்திருந்தபடியால் அதற்குக் குறையொன்றுமில்லை. மற்றது நாம். 29 மாநகர சபைகளில் 28 தமக்கென உறுப்பினர்களைத் தெரிந்துகொள்ள, எல்லை சம்பந்தமான வழக்கு நீதிமன்றில் இருந்த காரணத்தால் கல்முனை மாத்திரம் ஒதுங்கி நின்றது. தெற்கே காரைதீவும் நிந்தவூரும், மேற்கே சம்மாந்துறையும் விரலில் மை பூசிக்கொண்ட அந்த நாளில், ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் வாழும் எமது நகரம் வழக்கம்போலக் கடை திறந்து வியாபாரம் செய்தது.

சபை இல்லாவிட்டால் நகரம் நின்றுபோய்விடுமா என்று கேட்பவர்கள் உண்டு. நிற்காதுதான். ஆணையாளர் இருக்கிறார், உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், குப்பை வண்டி வருகிறது, சோலை வரி கட்டுமாறு கடிதமும் தவறாமல் வருகிறது. அவர்களுடைய உழைப்பில் குறைகாண்பது என் நோக்கமன்று. சபைகள் ஓயாது சண்டையிட்ட காலத்தைக்காட்டிலும் இப்போது சில வேலைகள் ஒழுங்காக நடக்கின்றன என்று சொல்லும் நண்பர்களும் எனக்கு உண்டு. ஆனால் ஒரு வட்டாரத்தின் வடிகான் அடைத்துக்கொண்டு மாரிக்காலத்து நீர் வீட்டுக்குள் புகும்போது, அந்த வட்டாரத்து மக்கள் வாக்களித்து அனுப்பிய, நாளைக்கும் அவர்களிடமே வாக்குக் கேட்டு வரவேண்டிய ஒரு மனிதரின் வீட்டுக் கதவைத் தட்டி, அவரை உறக்கத்திலிருந்து எழுப்பி ஏசுவதற்கு உள்ள உரிமை, ஓர் அலுவலகத்தில் மனுக்கொடுத்துவிட்டு இலக்கம் பெற்றுக்கொண்டு திரும்பும் உரிமையோடு ஒப்பாகுமா? ஜனநாயகம் என்று பெரிய மேடைகளில் பிரஸ்தாபிக்கப்படுகின்ற பொருளின் மிகச் சிறிய, மிக உபயோகமான வடிவம் அந்த ஏச்சுத்தான் என்பது என் அபிப்பிராயம்.

இந்த நிலை எவ்வாறு வந்தது என்பதை வெளியூர் வாசகர்களின் பொருட்டுச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் நோக்கி வரும் பெருஞ்சாலையில் பெரியநீலாவணையைக் கடந்ததும் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருகின்றன. முஸ்லிம் ஊர் எங்கே முடிந்தது, தமிழ் ஊர் எங்கே ஆரம்பித்தது என்பதை வீதியோரத்துக் கோபுரத்தையும் மினாராவையும் பார்த்தே புதியவர் அறிந்துகொள்ள வேண்டும். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பும், கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகையின் பெயரால் நடக்கும் கொடியேற்றமும் ஒரே கரையின் விழாக்கள். இந்த ஊர்கள் ஒரு காலத்தில் நான்கு சபைகளின் கீழ் இருந்தன: கல்முனைக்கு ஒரு பட்டின சபையும், கரைவாகு தெற்கு, கரைவாகு வடக்கு, கரைவாகு மேற்கு என்ற பெயர்களில் மூன்று கிராம சபைகளும் இயங்கின. தெற்கு என்பது சாய்ந்தமருது; வடக்கில் மருதமுனையும் பாண்டிருப்பும் பெரியநீலாவணையும்; மேற்கில் நற்பிட்டிமுனையும் சேனைக்குடியிருப்பும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வந்தபோது, ரணசிங்க பிரேமதாச பிரதமராகவும் உள்ளூராட்சிக்குப் பொறுப்பான அமைச்சராகவும் இருந்த அக்காலத்தில், இந்நான்கும் ஒரே பிரதேச சபையாக இணைக்கப்பட்டன. அந்தப் பிரதேச சபையே 2001இல் மாநகர சபையாகத் தரமுயர்ந்தது. இணைக்கப்பட்ட ஊர்களிடம் சம்மதம் கேட்கப்பட்டதா என்று விசாரிப்பது இன்று வீண்வேலை. இலங்கையில் வரைபடங்கள் கொழும்பிலேயே வரையப்படுகின்றன.

சாய்ந்தமருது மக்கள் இழந்த தமது சபையை மறக்கவில்லை. 2011ஆம் ஆண்டுத் தேர்தலில் ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸ் வென்றபோது விருப்பு வாக்குகளில் முதலிடம் பெற்றவர் சாய்ந்தமருதைச் சேர்ந்த சிராஸ் மீராசாஹிப். மேயர் பதவியை அவருக்கும் கல்முனைக்குடியைச் சேர்ந்த நிஸாம் காரியப்பருக்கும் இரண்டிரண்டு வருடங்களாகப் பங்கிட்டுக் கட்சித் தலைமை தீர்ப்புச் சொன்னது. 2013 இறுதியில் முன்னவர் இறங்கிப் பின்னவர் ஏறினார். கட்சிக்கு அது ஓர் ஏற்பாடு. சாய்ந்தமருதுக்கு அது ஓர் அவமானம். தனிச் சபை தருவோம் என்ற வாக்குறுதி தேர்தல் மேடைதோறும் ஏறி, வாக்கு எண்ணி முடிந்ததும் இறங்கிவிடும் வழக்கத்தைக் கண்டு சலித்த அவ்வூரார், 2017இன் கடைசி மாதங்களில் கடைகளை அடைத்தார்கள், வீதியில் இறங்கினார்கள், இனி எக்கட்சியும் ஊருக்குள் வாக்குக் கேட்டு வரவேண்டாம் என்று பள்ளிவாசலை மையமாக வைத்துத் தீர்மானித்தார்கள். 2018 பெப்ரவரியில் தோடம்பழச் சின்னத்தில் அவர்கள் நிறுத்திய சுயேச்சைக் குழு சாய்ந்தமருதின் வட்டாரங்களை முற்றாக வாரிக்கொண்டு, மாநகர சபையில் ஒன்பது ஆசனங்களைப் பெற்றது. ஜனாதிபதிகளை ஆக்கும் கட்சிகளையெல்லாம் ஒரு தோடம்பழம் அவ்வூர் எல்லையில் நிறுத்திவைத்தது என்பது எமது பிரதேசத்தின் அரசியல் சரித்திரத்தில் சாமானிய சம்பவமன்று. அதன் பலன் 2020 பெப்ரவரியில் வந்தது: சாய்ந்தமருது நகர சபையை ஸ்தாபிக்கும் வர்த்தமானி வெளியாயிற்று, பட்டாசு வெடித்தது, இனிப்புப் பரிமாறப்பட்டது. ஒரு வாரத்துக்குள் அதே அரசாங்கம் அதனை நிறுத்திவைத்தது.

இதே காலத்தில் நகரத்தின் மறுபக்கத்தில் இன்னொரு கோரிக்கை வெந்துகொண்டிருந்தது. எண்பதுகளின் இறுதியில் தமிழ்க் கிராமங்களுக்கென ஏற்பட்ட கல்முனை வடக்கு உப பிரதேச செயலகம், இருபத்தொன்பது கிராம உத்தியோகத்தர் பிரிவுகளைப் பார்த்துக்கொண்டும், முழுச் செயலகத்துக்குரிய நிதி அதிகாரம் இன்றி மூன்று தசாப்தங்களைக் கழித்தது. அதனைத் தரமுயர்த்துமாறு 2019 ஜூன் 17ஆந் திகதி அச்செயலகத்தின் முன்னால் உண்ணாவிரதம் தொடங்கிற்று. அதில் அமர்ந்தவர்களுள் கல்முனை சுபத்ராராம விகாரையின் விகாராதிபதியும் ஓர் இந்துக் குருக்களும் இருந்தார்கள். ஈஸ்டர் குண்டுவெடிப்பு நடந்து இரண்டு மாதமும் ஆகாத நேரம் அது. கொழும்பிலிருந்து சமாதான வாக்குறுதியோடு வந்த அமைச்சர்களும் தமிழ்ப் பிரதிநிதிகளும் கூச்சலிட்டு விரட்டப்பட, சில வாரங்களுக்கு முன்னரே ஜனாதிபதியின் மன்னிப்பில் சிறையிலிருந்து வெளிவந்த கடும்போக்குப் பௌத்த பிக்குவான ஞானசார தேரர் வந்து கெடு விதித்ததன் பின்னரே அவ்வுண்ணாவிரதம் முடிவுற்றது. முஸ்லிம்கள் எதிர்ச் சத்தியாக்கிரகம் நடத்தினார்கள். ஒரு செயலகத்துக்குக் கணக்காளர் ஒருவரை நியமிப்பதா இல்லையா என்ற நிர்வாகக் கேள்வி, முழு நாட்டின் இனவிவகாரமாக இரண்டே வாரத்தில் உருவெடுத்தது.

இங்கே நான் என் மனத்திலுள்ளதை ஒளியாமல் சொல்லியாக வேண்டும். சொன்னால் எமது ஊரில் சிலர் என்னோடு சில நாள் பேசாதிருக்கவும் கூடும். சாய்ந்தமருது தனக்கெனச் சபை கேட்பது நியாயமென்றால், கல்முனை வடக்குத் தமிழர்கள் தமக்கென முழுமையான செயலகம் கேட்பதும் நியாயமே. சிறுபான்மையாய் உள்ளவர் பெரும்பான்மையின் வாசலில் சென்று நிற்க விரும்பாமை என்ற ஒரே உணர்ச்சியிலிருந்து பிறந்த இரண்டு கோரிக்கைகளில் ஒன்றை உரிமை என்றும் மற்றதைச் சதி என்றும் அழைப்பது அறிவுக்கும் பொருந்தாது, மார்க்கம் எமக்குப் போதித்த நீதிக்கும் பொருந்தாது. ஆனால் கல்முனைக்குடி முஸ்லிம்களின் அச்சத்தையும் வெறும் பேராசை என்று தள்ளிவிட முடியாது. சாய்ந்தமருது பிரிந்து போனால் எஞ்சும் மாநகரத்தில் முஸ்லிம்களின் பலம் குறையும். நூறு வருட உழைப்பால் தாம் வளர்த்த கடைத்தெரு எந்த எல்லைக்குள் விழும், அதன் வரி எந்தச் சபையின் பெட்டிக்குப் போகும் என்ற கேள்விகள் எழும். சண்டையின் உள்ளே இருக்கும் முடிச்சு அந்தக் கடைத்தெருவே. மேடையில் ஏறியவுடன் எல்லோரும் தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று சொல்லிவிடுகிறோம். இறங்கியதும் கடைத்தெருவின் வரைபடத்தை விரித்துக்கொள்ளுகிறோம். ஒரே நகரத்தில் நடந்துபோகும் தூரத்தில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள், ஒன்று வடக்கு என்றும் மற்றது அஷ்ரப் ஞாபகார்த்தம் என்றும் இருப்பதைக் கண்டு வெளியூர் வைத்தியர்கள் வியப்பார்கள், நாம் வியப்பதில்லை.

உள்ளூர்த் தகராறு ஒவ்வொன்றையும் கொழும்புக்குக் கொண்டுபோய்த் தீர்க்க முனைவதால், தேசிய அரசியலைப் பற்றிய எமது அபிப்பிராயமும் ஒரு விசேஷ ரூபத்தை எடுத்துவிட்டது. யார் நாட்டை நன்றாக ஆளுவார் என்பதைக்காட்டிலும், யாருடைய அரசாங்கத்தில் எம்மவர் உட்கார்ந்து எமது எல்லையைக் காப்பார் என்பதே நாம் கேட்கும் கேள்வி. இது புதிய பழக்கமுமன்று. 1956இல் தமிழரசுக் கட்சியின் சார்பில் கல்முனையில் வென்ற கேற் முதலியார் எம். எஸ். காரியப்பர், பின்னர் அரசாங்கத்தின் பக்கம் சென்றார். பொத்துவிலில் அக்கட்சியின் பெயரால் வென்ற எம். எம். முஸ்தபாவும் அவ்வாறே. சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்த சட்டத்தரணி எம். எச். எம். அஷ்ரப், கட்சி மாறிக்கொண்டிருக்கும் தனிமனிதர்களின் இடத்தில் முஸ்லிம் காங்கிரஸ் என்ற ஒரு கட்சியையே வைத்தார். 1988இல் தேர்தலுக்கான வெட்டுப்புள்ளி பன்னிரண்டரை வீதத்திலிருந்து ஐந்து வீதமாகக் குறைந்தமை அவருடைய பேரத்தின் பலன் என்று இன்றும் சொல்லப்படுகிறது; அதனால் பயனடைந்தவற்றுள் அன்று மிகச் சிறியனவாயிருந்த பல கட்சிகளும் அடங்கும். 1994இல் சந்திரிகா குமாரதுங்கவின் கூட்டணிக்கு 105 ஆசனங்கள் கிடைக்க, காங்கிரஸின் ஏழு ஆசனங்கள் இன்றி அரசமைக்க இயலாத சந்தர்ப்பத்தில் அவர் துறைமுகங்கள், கப்பற்றுறை, புனர்வாழ்வு அமைச்சரானார். ஒலுவிலில் எழுந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அந்தப் பேரத்தின் நிழலில் படித்து முன்னேறிய ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் ஞாபகத்தில் இருக்கிறது. 2000 செப்டெம்பர் 16ஆந் திகதி அரநாயக்க மலையில் அவருடைய ஹெலிகொப்டர் விழுந்தபோது பேரம் பேசும் கலை மாத்திரம் மிஞ்சியது. பேசுவதற்கு ஒரு நோக்கம் இருக்க வேண்டும் என்ற நினைவு மெல்ல மெல்லத் தேய்ந்தது.

அது எவ்வளவு தேய்ந்தது என்பதை 2020ஆம் ஆண்டு காட்டியது. கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை உறவினரின் கண்ணீரையும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டலையும் பொருட்படுத்தாமல் அரசாங்கம் எரித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், அவ்வரசாங்கத்தின் ஜனாதிபதிக்கு மட்டற்ற அதிகாரம் கொடுத்த அரசியலமைப்பின் இருபதாவது திருத்தத்தை, காங்கிரஸின் தலைவர் எதிர்த்து வாக்களிக்க, அவருடைய உறுப்பினர் நால்வர் ஆதரித்து வாக்களித்தார்கள். அந்நால்வருள் எமது கல்முனையின் எச். எம். எம். ஹரீஸும் ஒருவர். ஜனாஸா விடயத்தில் நன்மை கிடைக்கும் என்று நம்பியே வாக்களித்ததாக விளக்கம் கூறப்பட்டது. அடக்கத்துக்கு அனுமதி வந்தது 2021 பெப்ரவரியில். அமைச்சரவை மன்னிப்புக் கோரியது 2024 ஜூலையில். அந்த விளக்கத்தை ஏற்றுக்கொள்ள என்னால் இன்றுவரை முடியவில்லை.

ஆகவே 2024இல் எமது வாக்காளரின் மனம் இரண்டாகப் பிளந்து நின்றதில் ஆச்சரியமில்லை. செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் அம்பாறை மாவட்டம் சஜித் பிரேமதாசவுக்கு முதலிடம் கொடுத்தது. இரண்டு மாதத்தில் நடந்த பாராளுமன்றத் தேர்தலில், திகாமடுல்ல என்று பெயர் வழங்கும் அதே மாவட்டத்தின் ஏழு ஆசனங்களில் நான்கைத் தேசிய மக்கள் சக்தி எடுத்துக்கொண்டது. தமிழரசுக் கட்சிக்கும், முஸ்லிம் காங்கிரஸுக்கும், அகில இலங்கை மக்கள் காங்கிரஸுக்கும் ஒவ்வொன்று வந்தது. ஊழலற்ற ஆட்சி என்ற வார்த்தை இளைஞரின் செவியில் தேனாகப் பாய்ந்தது. புதிய அமைச்சரவை சத்தியப்பிரமாணம் செய்தபோது அதில் முஸ்லிம் ஒருவரும் இல்லாமை கண்டு முதியவர்கள் "நாங்க அப்பவே சொன்னம்" என்றார்கள். இளைஞர் பக்கத்திலும் நியாயம் உண்டு, முதியோர் பக்கத்திலும் நியாயம் உண்டு. அமைச்சரவையில் ஒருவரும் இல்லாமை தவறே, ஆயினும் ஒருவர் இருந்த காலமெல்லாம் எமக்கு என்ன நடந்தது என்று இளையவர்கள் திருப்பிக் கேட்கும்போது பதிலிறுக்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் மிஷிகன் மாநிலத்தின் டியர்போர்ன் நகரம் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. அராபிய வமிசத்தவர் பெரும்பான்மையாக வாழும் அந்நகரம், காஸாவின் அழிவைக் கண்டு பொங்கி, பல தேர்தல்களில் ஆதரித்த ஜனநாயகக் கட்சியை 2024இல் கைவிட்டது. கமலா ஹாரிஸைக்காட்டிலும் ட்ரம்புக்கு அங்கே அதிக வாக்குகள் விழுந்தன. கோபத்தினால் அளித்த வாக்கு காஸாவுக்கு என்ன கொண்டுவந்தது என்பதை உலகம் கண்டது. ஆனால் டியர்போர்ன் மக்களுக்கு நம்மிடம் இல்லாத ஒரு பாக்கியம் உண்டு: தேசியத் தேர்தல் கைவிட்டாலும் அவர்களுக்கு நகர சபை இருக்கிறது, 2021இல் அவர்கள் தெரிந்த அப்துல்லா ஹம்மூத் என்ற மேயர் இருக்கிறார், பாடசாலைக்குத் தனிச் சபை இருக்கிறது. 1831இல் அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்த அலெக்ஸி டி டொக்வில் என்ற பிரெஞ்சு அறிஞர், அந்நாட்டு ஜனநாயகத்தின் வேரைத் தலைநகர் வாஷிங்டனில் தேடாமல் நியூ இங்கிலாந்தின் சிறிய ஊர்ச் சபைகளில் கண்டார். வீதிக்கு மண் போடுவதைப் பற்றி அயலவரோடு வாதாடித் தோற்றும் வென்றும் பழகியவர்களே பெரிய சுதந்திரத்தையும் கையாளக் கற்றுக்கொள்ளுகிறார்கள் என்பது அவர் கண்ட சாரம். இன்று அந்நாட்டில் மாவட்டம், நகரம், ஊர், பாடசாலைச் சபை, நீர்ச் சபை என்று தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட உள்ளூர் ஆட்சி அமைப்புகள் இருக்கின்றன. வாஷிங்டனில் எவ்வளவு அலங்கோலம் நடந்தாலும் அந்நாடு ஓரளவு நிமிர்ந்து நிற்பதற்கு அவையும் காரணமென்று எண்ணுகிறேன்; நிபுணர்கள் மறுக்கக்கூடும்.

அமெரிக்க அரசியலைப் பற்றி எமது தேநீர்க்கடைகள் காட்டும் அக்கறை வெறும் பொழுதுபோக்கு என்று எவரும் இகழ வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் ட்ரம்ப் இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரி என்று அறிவித்த அன்று, ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளின் வீடுகளில் இரவு உறக்கமில்லை. பேச்சுவார்த்தையின் பின் ஓகஸ்டில் அது 20 வீதமாய் இறங்கிய பிறகே மூச்சு வந்தது. 2024 ஒக்டோபர் 23ஆந் திகதி அமெரிக்கத் தூதரகம், இதே அம்பாறைக் கரையிலுள்ள அறுகம்பைக்குத் தன் பிரஜைகள் செல்ல வேண்டாம் என்று எச்சரித்தபோது, இஸ்ரேலியச் சுற்றுலாப் பயணிகளைப் பாதுகாக்க வந்த பொலிஸ் வண்டிகள் எமது பெருஞ்சாலை வழியேதான் ஓடின. உலக அரசியல் எமது வாசலால் போகிறது. அதைப் பற்றி ஓர் அபிப்பிராயம் வைத்திருப்பதும் அவசியமாகிறது.

அவ்வபிப்பிராயத்தைத் தேநீர்க்கடையில் உரத்துச் சொல்பவர் கைத்தொலைபேசியில் எழுத மாட்டார் என்பதை நான் கவனித்திருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. 2025 மார்ச்சில், இஸ்ரேலுக்கு எதிரான ஓர் ஒட்டியைக் கொழும்பில் ஒட்டினார் என்று இருபத்திரண்டு வயது முஸ்லிம் இளைஞர் ஒருவர் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்த் தடுத்துவைக்கப்பட்டார். சில வாரங்களின் பின்னரே நிபந்தனைகளோடு வீடு திரும்பினார். அதற்கும் முந்தி, தமிழில் கவிதை எழுதிய குற்றத்துக்கு அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் ஆசிரியர் 2020இல் கைதாகி, 2023 டிசம்பரில் நீதிமன்றம் விடுவிக்கும்வரை வழக்கைச் சுமந்தார். தீவிரவாதத்துக்கு எதிராக அவர் எழுதிய வரிகளையே தமிழறியாத அதிகாரிகள் தீவிரவாதம் என்று வாசித்தார்கள். 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இப்பயத்துக்கு மேலும் ஒரு பூட்டைப் போட்டது. இத்தனைக்கும், 2019 ஏப்ரல் 26ஆந் திகதி இரவு, ஈஸ்டர் குண்டுவெடிப்பின் சூத்திரதாரியான ஸஹ்ரானின் குடும்பத்தார் சாய்ந்தமருது வீடொன்றில் குழந்தைகளையும் சேர்த்து வெடித்து மாண்டதற்கு முன்னர், அவ்வீட்டில் அந்நியர் தங்கியிருப்பதைச் சந்தேகித்துத் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே. நாட்டைக் காத்த ஊர் தன் அபிப்பிராயத்தைச் சொல்ல அஞ்சுகிறது என்பதை எந்த அரசாங்கமும் தனக்குப் பெருமையாகக் கொள்ள முடியாது.

தூரத்து அரசியலைப் பேசுவதில் இத்தனை வீரமும், அதனை எழுதுவதில் இத்தனை அச்சமும் இருக்க, மிக அருகிலுள்ள விஷயத்தைப் பேச எவருமில்லை. எமது குப்பை எங்கே போகிறதென்று தேநீர்க்கடையில் கேட்டுப் பார்த்தால், நியூயோர்க்கின் வாடகைச் சட்டத்தை விளக்கியவர்களும் வானத்தைப் பார்ப்பார்கள். அது பள்ளக்காட்டுக்குப் போகிறது. கல்முனை, காரைதீவு, நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கரையோரச் சபைகள் பலவும் கொண்டுபோய்க் கொட்டும் அந்த மேட்டில், காட்டு யானைகள் வந்து உணவோடு பொலித்தீனையும் பிளாஸ்டிக்கையும் விழுங்கி மாண்டுபோகின்றன. எட்டு வருடத்தில் சுமார் இருபது யானைகள் அவ்வாறு இறந்தன என்று 2022இல் உலகப் பத்திரிகைகள் படத்தோடு எழுதின. பொலித்தீன் மேட்டின் மீது நிற்கும் எமது யானைகளை அமெரிக்க வாசகன் தன் காலைப் பத்திரிகையில் கண்டான். அவற்றின் வயிற்றுக்குள் போன பையில் ஒன்று என் வீட்டிலிருந்து போயிருக்கலாம். இதற்குத் தீர்வு ஒரு சபையால் தனியே ஆகாது. கரையோரச் சபைகள் கூடியிருந்து பிரித்துச் சேகரித்தல், உரமாக்கல், செலவைப் பகிர்தல் என்று ஓர் ஒப்பந்தம் செய்ய வேண்டும். அந்த மேசையில் கல்முனையின் சார்பில் உட்கார ஆணையாளரே உண்டு. அவர் நல்லவராகவே இருக்கட்டும், நாளை இடமாற்றம் வந்தால் போய்விடுவார்.

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு என் சொந்த அபிப்பிராயம் இது: எல்லைத் தகராறு தீரும்வரை தேர்தல் காத்திருக்க வேண்டும் என்ற ஏற்பாடு, தேர்தலையும் கொன்று தகராறையும் நித்தியமாக்குகிறது. பழைய எல்லையின்படியே ஒரு சபையைத் தெரிவுசெய்து, பிரிவினை நடைமுறைக்கு வரும் நாளில் அதன் ஆயுள் முடியும் என்று சட்டத்தில் எழுதிவிடலாம். பிரிவினை என்றால் 1987க்கு முந்திய நான்கு சபைகளையும் ஒருங்கே மீட்பதே நேர்மை. ஒன்றை மாத்திரம் கொடுத்து மற்ற மூன்றையும் சந்தேகத்தில் விடுவது, 2020இல் பார்த்ததுபோல, கொடுத்ததையும் பறித்துவிடும். கடைத்தெருவின் வருமானத்தில் ஒரு பங்கைக் குறிப்பிட்ட வருடங்களுக்கு நான்கு சபைகளும் பகிர்ந்துகொள்ளும் விதியை அதனோடு சேர்க்க வேண்டும். பணத்தின் பயம் நீங்கினால் இனத்தின் பயம் பாதி குறையும் என்பது என் நம்பிக்கை. கல்முனை வடக்குச் செயலகத்துக்கு அதிகாரம் வழங்குவதை இதனோடு கோக்காமல், தனியே, தாமதமின்றிச் செய்யலாம். எல்லைக்கோட்டைப் பற்றி வாதம் இருந்தால் இரண்டு பக்கத்துக் கிராம உத்தியோகத்தர்களையும் ஒரு மேசையில் இருத்தி வீதி வீதியாக முடிவு செய்யட்டும், பிக்குமாரும் அமைச்சர்களும் கொழும்பிலேயே இருக்கட்டும்.

என்றைக்காவது அந்தத் தேர்தல் வருமானால், என் வட்டாரத்தில் வாக்குக் கேட்டு வரும் பிள்ளையிடம் அவருடைய கட்சித் தலைவர் யார், அடுத்த ஜனாதிபதி யார், ட்ரம்பைப் பற்றி அவருடைய எண்ணமென்ன என்று நான் கேட்கப்போவதில்லை. அவற்றைத் தேநீர்க்கடையில் பேசிக்கொள்ளலாம். பள்ளக்காட்டுக்கு ஒரு மாதத்தில் எத்தனை லொறி போகிறது, சோலை வரியில் எவ்வளவு வசூலாகி எதற்குச் செலவாயிற்று என்று கேட்பேன். விடை தெரியாவிட்டால் தேடிக்கொண்டு மறுபடி வரச் சொல்வேன்.